எது உடையட்டும்

சல்மாபாத், டயர்க்கடைக்குப் பின்சந்து.
மிஷாலின் வண்டி லிஃப்டில் நிற்கிறது
வயிறு திறந்து.
என்ஜினுக்கு ஆயிரம் குதிரை வாங்கிவிட்டான்.
அந்தக் குதிரைகளைச் சக்கரம்வரை நடத்திப்போக
மிச்சம் எழுநூற்று நாற்பது தினார்.

பழைய ஆக்சிலைத் தூக்கிக் காட்டுகிறான்:
"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"
பார்க்க நன்றாகத்தான் இருந்தது.
கயிற்றில் தொங்கவிட்டு
பதினேழாம் நம்பர் ஸ்பானரால் தட்டினேன்.
நல்ல இரும்பு சொல்லி முடிக்கும்.
இது பாதியில் நிறுத்திக்கொண்டது
கடன் கேட்க வந்து
வானிலை பேசிவிட்டுப் போகிறவன் மாதிரி.
சிவப்பு மை பூசி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தேன்.
பல்வரிசை தொடங்கும் இடத்தில்
ஒரு தலைமுடி, சிவப்பாக, மேலே வந்தது.

நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.
போகவில்லை.

பலவீனம் ஒழியாது மிஷால், வீடு மாறும்.
ஆக்சிலைத் தடியாக்கினால்
கிரவுன் வீல் பல்லுக்குப் போகும்.
பல்லை மாற்றினால் ஷாஃப்டுக்கு,
ஷாஃப்டை மாற்றினால்
கியர்பாக்ஸுக்குள் ஏறி உட்காரும்.
வாடகை ஏற ஏற நாங்கள்
குதைபியாவிலிருந்து முஹரக்குக்கும்
முஹரக்கிலிருந்து இங்கேயும் வந்ததுபோல.
ஒரே வித்தியாசம்,
அதை விசா முடிந்தது என்று அனுப்ப முடியாது.

ஆகவே உட்கார்ந்து முடிவு செய்தோம்
எது உடையட்டும் என்று.

முப்பத்தைந்து பல் ஆக்சில், இரண்டு.
விலையைக் கேட்டு வெல்டர் குல்சமான் சிரித்தார்:
ஸ்வாத்தில் இந்தக் காசுக்கு எருமை வரும்,
கன்றோடு.
இன்னும் கடினமான உலோகம் கடையில் இருந்தது.
கண்ணாடியும் கடினம்தான்.
பச்சை விழும் கணத்தில்
அச்சு கொஞ்சம் முறுக வேண்டும்,
முறுகித் திரும்ப வேண்டும்.
திரும்பாத நாளில் தெரியட்டும் என்று
அதன் நீளத்துக்கும் வெள்ளைப் பெயிண்டில்
ஒரு நேர்கோடு இழுத்தேன்.

யூ-ஜாயிண்ட் மட்டும் ஒரு சைஸ் சின்னது.
பதினெட்டு தினார்.
ஷாஃப்டைச் சுற்றி, கால் அங்குல இரும்பில், ஒரு வளையம்.
மிஷால் பென்சிலால் வட்டமிட்டான்:
"இது ஏன் மலிவு?"
உடையப்போவது அதுதான், என்றேன்.
காசு கொடுக்கிறவனிடம் சொல்லுகிற வார்த்தையா!
குல்சமானின் கரக் டீ ஆறிப்போனது.

சகீர். பிப்ரவரி. இரவு பதினொன்றே கால்.
ரப்பர் புகையில் எல்லார் முகமும்
கொஞ்சம் தூரத்தில் இருந்தது.
முதல் ஓட்டம் எட்டு புள்ளி ஒன்பது நொடி.
இரண்டாவது அதைவிட ஒரு இமைப்பு குறைவு.
மூன்றாவதில்
மூன்று மஞ்சள், பச்சை,
பாத்திரக்கடையில் யாரோ தடுக்கி விழுந்த சத்தம்.
என்ஜின் அலறியது,
சக்கரத்துக்குச் செய்தி போகவில்லை.
பக்கத்துத் தடத்து வண்டி
சிவப்பு விளக்குகளாய்ச் சிறுத்துக்கொண்டே போனது.

தள்ளிக்கொண்டு வந்தோம்.
கீழே படுத்து டார்ச் அடித்தேன்.
நான்கு துண்டாய் ஜாயிண்ட்.
காலரைப் பிடித்து நிறுத்தியதுபோல
வளையத்துக்குள் ஷாஃப்ட்.
அது இல்லையென்றால்
முன்முனை தரையில் ஊன்றி
வண்டியே கோலூன்றித் தாண்டியிருக்கும், இவனோடு.
மிஷால் ஹெல்மெட்டைக் கழற்றாமல்
தோற்ற கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் அந்தப் பதினெட்டு தினாரைப் பொறுக்கி
பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஆக்சில்களை உருவினேன்.
இடது பக்கம், கோடு கோடாக இருந்தது.
வலது பக்கம்
அரை நூல் சாய்ந்திருந்தது.
திரும்பி வரவில்லை.

பெயிண்டைத் துடைத்து
புதுக்கோடு இழுத்தால் யாருக்கும் தெரியாது.
என் வாயால் வாங்கச் சொன்ன இரும்பு.
துணியைத் தின்னரில் நனைத்தேன்.
கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன்,
வெயிலில் அது தானே காய்ந்துவிட்டது.
படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நீல டிக்.
லுஹர் பாங்கு சொல்லி முடித்த பிறகு பதில்:
"ஜாயிண்ட் எவ்வளவு சொன்னாய்?"
பதினெட்டு என்று அடித்தேன்.
அழித்தேன்.
பதினெட்டும், ஒரு ஆக்சிலும்.